எந்த வண்டிக்குன்னு சொல்லாதே

பழைய சாமான் வாங்கப் போகிற இடத்தில் நமக்கு என்ன தேவை என்பதை வாய் தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது என்பது என் மச்சானின் கொள்கை. தேவை தெரிந்தால் விலை ஏறும். கட்டில் வாங்கப் போனால் முதலில் பீரோவைத் திறந்து மூடுவார். ஸ்க்ரூ டிரைவர் வேண்டுமென்றால் சுத்தியலின் விலையைக் கேட்டுவிட்டு நெஞ்சில் கை வைப்பார். பல் வலிக்காக டாக்டரிடம் போனபோதுகூட எந்தப் பல் என்று சொல்லாமல் வாயை மட்டும் திறந்து வைத்திருந்தார் என்று அக்கா சொல்வாள். அக்கா கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவள்தான். ஆனால் வலித்த பல் இன்னும் அங்கேயே இருக்கிறது. பக்கத்துப் பல்தான் இல்லை.

இந்தக் கொள்கைப்படி போடிநாயக்கனூர் ஜீப் ஒன்றுக்குச் சென்னைப் புதுப்பேட்டையில் சக்கரம் வாங்கப்பட்டது. நான் கூடப் போனேன். பை தூக்கவும் சாட்சி சொல்லவும் ஒரு ஆள் வேண்டுமில்லையா?

ஜீப் மாமாவுடையது, அதாவது மச்சானின் அப்பாவுடையது. போடிமெட்டுக்கு மேலே அவருக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. அந்தப் பக்கம் விடியற்காலையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மலையேறும். உள்ளே இத்தனை பேர் எப்படி உட்கார்ந்தார்கள் என்பதை இறங்கும்போது எண்ணினால்தான் நம்ப முடியும். தார் ரோடு முடிந்த பிறகு தோட்டம் வரைக்கும் போகிற பாதையைப் பாதை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அங்கே ஜீப் மட்டும்தான் போகும்.

மாமா ஏலக்காய் விற்பது ஸ்பைசஸ் போர்டின் ஏல மையத்தில். வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டனைத் தட்டுவார்கள், விலை திரையில் ஏறும், நின்றால் நின்றதுதான். அதில் பேரம் பேச இடமே கிடையாது. அப்பா பேசாமல் விட்ட பேரமெல்லாம் மகனிடம் வந்து தேங்கிவிட்டது என்பது என் ஊகம்.

ஜீப்பின் டிஸ்க்குகள் போய்விட்டன என்று முதலில் சொன்னது போடி மெக்கானிக் அண்ணன்தான். டயர் உட்காரும் விளிம்பெல்லாம் துருப் பிடித்து, காற்று நிற்கவில்லை. நட்டு லூஸாகவே ஓடியதில் வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டைகள் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தன. "நாலும் மாத்தணும். ஸ்டெப்னியும் சேத்து அஞ்சு" என்றார். சொல்லிவிட்டு அண்ணாந்து தன் ஷெட்டின் தகரக் கூரையைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மச்சான், "அதெல்லாம் மெட்ராஸ்ல பாத்துக்கிறேண்ணே, இங்க கொள்ளை விலை" என்றார். மெக்கானிக் அண்ணன் வாயை மூடிக்கொண்டார். கொள்ளை விலை என்ன என்று இங்கே யாரும் இன்னும் சொல்லவே இல்லை.

புதுப்பேட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. எழும்பூரை ஒட்டி, கூவம் பக்கமாக, தெருத்தெருவாகப் பழைய வண்டிச் சாமான். ஒரு கடையில் கதவு மட்டும். அடுத்த கடையில் ஹெட்லைட் மட்டும். இன்னொன்றில் பம்பர்கள், கூரை வரைக்கும், எந்த வண்டியின் முகத்தில் இருந்தன என்று சொல்ல முடியாதபடி அடுக்கியிருக்கும். நடைபாதை முழுக்க ஆயில். அங்கே வியாபாரம் செய்கிறவர்களின் ஞாபக சக்தியைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். இருபது வருஷத்துக்கு முன்னால் நின்றுபோன மாடலின் வைப்பர் மோட்டார் எந்த மூட்டைக்கு அடியில் இருக்கிறது என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வார்கள். இவ்வளவு தெரிந்தவரிடம் வண்டியின் பெயரைச் சொல்லியிருந்தால் வேலை பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

"இன்னா வண்டிக்கு சார்?" என்றார் கடைக்காரர்.

"சும்மா, பாக்கலாம்னு."

"பாரு சார். இன்னா வண்டிக்கு?"

"ஒரு வண்டிக்குத்தான்."

"ஜீ..." என்று நான் ஆரம்பித்தேன். என் கட்டைவிரல் மேல் மச்சானின் செருப்பு ஏறியது. "அவன் எல்லாரையும் ஜீன்னுதான் கூப்பிடுவான். நீங்க தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் கடைக்காரரிடம்.

கடைக்காரர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். போடியிலிருந்து வந்தவர்களின் காலில் செம்மண் ஒட்டியிருக்கும். அதை வைத்தோ என்னவோ, "ஜிப்சி டிஸ்க்கு இருக்குது சார், இரும்பு. காட்டவா?" என்றார். மச்சான் என் காதில், "தூண்டில் போடுறான் பாத்தியா" என்றார். ஜிப்சி டிஸ்க்கை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர் கண் போனது மூலையில் அடுக்கியிருந்த அலாய் வீல்களின் மேல். கடைப்பையன் கம்பிக் கொக்கியால் ஒன்றை இழுத்து, பனியன் வேஸ்ட்டால் ஒரு துடை துடைத்தான். நட்சத்திரம் மாதிரி பளபளத்தது. "இன்னோவா வீலு சார், கம்பெனி ஐட்டம். அடி இல்ல, வெல்டிங் இல்ல."

மச்சான் ஓட்டைகளை விரல் வைத்து எண்ணினார். ஐந்து. என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். ஜீப்புக்கும் ஐந்து. அவரைப் பொறுத்தவரை தொழில்நுட்ப ஆய்வு அத்துடன் முடிந்தது. இனி விலை.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஐந்துக்கும் சேர்த்து 15,000 என்றார் கடைக்காரர். மச்சான் 5,000 என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார். நடையில் ஒரு நிதானம்; கூப்பிட்டால் காது கேட்கிற தூரத்துக்கு மேல் போகாத நடை. கூப்பிட்டார்கள். 13,000. மறுபடி நடை. டீ வந்தது. வீட்டில் எத்தனை குழந்தைகள் என்ற விசாரணை நடந்தது. 11,000. மச்சான் வீலை ஒற்றைக் கையால் தூக்கி, "கனமே இல்லையே, உள்ள ஒண்ணும் இல்ல போலருக்கு" என்றார். அலாய் என்றால் கனம் குறைவாகத்தான் இருக்கும், அதற்குத்தான் காசே என்றார் கடைக்காரர். கடைசியில் 9,500. இறங்கின ஒவ்வொரு நூறுக்கும் மச்சானின் முகத்தில் ஒரு வயது குறைந்துகொண்டே வந்தது. அன்றைக்கு அவர் வாங்கியது அந்த 5,500 ரூபாய்த் தள்ளுபடியைத்தான். சக்கரங்கள் அதனுடன் இலவசமாக வந்தவை.

ஆம்னி பஸ் டிக்கியில் சாக்கில் கட்டிப் போட்டோம். அதற்கும் கிளீனருடன் ஒரு சுற்று உண்டு, விட்டுவிடுகிறேன்.

போடியில் மெக்கானிக் அண்ணன் சாக்கைப் பிரித்ததும் ஒன்றும் சொல்லவில்லை. முன் சக்கரத்துக்கு ஜாக்கி போட்டார். இடப்பக்கத்து நட்டு. மச்சான் உதவிக்கு ஓடி வந்து வீல் ஸ்பேனர் மேல் ஏறி நின்று எம்பினார். நட்டு அசையவில்லை. "தம்பி, அது இடமறை. நீங்க டைட் பண்றீங்க" என்றார் மெக்கானிக் அண்ணன். வில்லிஸ் ஜீப் காலத்துப் பழக்கம் அது. சக்கரம் சுழல்கிற திசையிலேயே நட்டு கழன்றுவிடக் கூடாது என்று இடப்பக்கத்துக்கு மட்டும் மறையைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். மச்சான் இறங்கி மறுபக்கம் ஏறினார்.

பழைய டிஸ்க் கழன்றது. அலாய் வீலைத் தூக்கி வைத்தார்கள். ஹப் வரைக்கும் போய், டங் என்று நின்றது. இன்னோவா வீலின் நடு ஓட்டை 60 மில்லிமீட்டர் சொச்சம். ஜீப்பின் முன் ஹப் நம் கைமுட்டியை விடப் பெருசு, வெளியே நீட்டிக்கொண்டும் இருக்கும். நடு ஓட்டை ஒன்று இருக்கிறது என்பதையே மச்சான் அப்போதுதான் கவனித்தார். புதுப்பேட்டையில் அவர் எண்ணிக்கையில் அது சேரவில்லை.

"சரி, அதை விடுங்க. ஓட்டை அஞ்சும் சரிதானே?"

மெக்கானிக் அண்ணன் சட்டைப் பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்தார். நாலு ஓட்டை, ஆறு ஓட்டை வீல் என்றால் எதிரெதிரே ஸ்கேல் வைத்தால் வட்டத்தின் அளவு வந்துவிடும். ஐந்தில் எந்த ஓட்டைக்கும் நேர் எதிரே ஓட்டை கிடையாது. அதனால் பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்து அதை 0.588-ஆல் வகுக்க வேண்டும். அண்ணன் வகுக்கவெல்லாம் இல்லை. இரண்டு எண்கள் அவருக்கு மனப்பாடம். ஜீப்பில் ஸ்கேலை வைத்து, "எம்பத்திரெண்டு" என்றார். அலாய் வீலில் வைத்து, "அறுபத்தேழு" என்றார். ஸ்கேலைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இதற்குப் பெயர் பி.சி.டி. நட்டுகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டம். ஜீப்புக்கு 139.7 மி.மீ., இன்னோவாவுக்கு 114.3 மி.மீ. பள்ளிக்கூடத்தில் கணக்குக்குப் பயந்தவர்கள்கூட இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்க்கலாம்: 25.4. அதாவது கச்சிதமாக ஒரு இன்ச். அது அஞ்சரை, இது நாலரை.

அந்த அஞ்சரை இன்ச்சுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்காக 1941-ல் வில்லிஸ் ஜீப் வந்தபோது போட்ட வட்டம் அது. மும்பையில் மகிந்திரா கம்பெனி 1947-ல் அந்த ஜீப்பைக் கொண்டுவரத் தொடங்கியது. அப்போது அதன் பெயர் மகிந்திரா அண்ட் முகமது. பங்குதாரர் குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அதன் முதல் நிதியமைச்சர் ஆனார். 1948-ல் கம்பெனி மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆனது. தேசமே இரண்டாகி, கம்பெனிப் பெயரும் மாறியும் அஞ்சரை இன்ச் அசையவில்லை. மச்சான் பேசினால் மட்டும் அசைந்துவிடுமா?

பேசினார். "ஒரு இன்ச்சுதானேண்ணே. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி..."

இதற்குள் ஷெட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு வந்தார்கள். நம் ஊரில் வண்டி நின்றால் யோசனைக்குப் பஞ்சமே இருக்காது. லேத்துப் பட்டறையில் கொடுத்து ஓட்டையை வெளிப்பக்கம் இழுத்துவிடலாம் என்றார் ஒருவர். ஒவ்வோர் ஓட்டையும் அரை இன்ச் வெளியே போக வேண்டும். அப்படி இழுத்தால் ஓட்டை போய் ஜன்னல் வந்துவிடும் என்றார் அண்ணன். அப்படியானால் பழைய ஓட்டைகளுக்கு நடுநடுவே புதிதாக ஐந்து போடலாமே என்றார் இன்னொருவர். யோசனை மோசமில்லை. அண்ணன் வீலைத் திருப்பிப் போட்டுக் காட்டினார். கனம் குறைக்க அலாயின் முதுகில் ஓட்டைகளுக்கு நடுவேதான் குடைந்து வைத்திருக்கிறார்கள். புது ஓட்டை போட வேண்டிய இடத்தில் காற்றுதான் இருந்தது. அடாப்டர் போட்டால் என்ன என்றான் யூட்யூப் பார்க்கிற ஒரு பையன். அடாப்டர் போட்டாலும் ஹப் நுழைய வேண்டுமே. வீலும் இரண்டு விரல்கடை வெளியே தள்ளி நிற்கும்; ஆள் ஏற்றிக்கொண்டு ஊசி வளைவில் திரும்பும்போது பேரிங்கின் கதியை யார் பார்ப்பது? கிளாஸ்கள் ஒவ்வொன்றாக டீக்கடைக்குத் திரும்பின.

"சரி, ஒரு பேச்சுக்கு எல்லாம் நுழைஞ்சிருச்சுன்னே வைங்க," என்றார் அண்ணன், இப்போது அவருக்கே கொஞ்சம் உற்சாகம் வந்துவிட்டது. "உங்க டயர் 6.00-16. பதினாறு இன்ச்சு. இந்த வீலு பதினஞ்சு. டயர் எப்படி ஏறும்? அஞ்சு டயரும் புதுசா வாங்கணும். இன்னோவா டயர் போட்டா வண்டி மூணு நாலு சென்டிமீட்டர் எறங்கிரும். நம்ம பாதையில கல்லு எல்லாம் அடியில எண்ணிட்டுத்தான் போகணும்."

ஹப்பும் சேரவில்லை, நட்டும் சேரவில்லை, டயரும் சேரவில்லை. ஒரு பொருள் ஒரு வண்டிக்கு எத்தனை விதத்தில் பொருந்தாமல் போக முடியுமோ அத்தனை விதத்திலும் அது பொருந்தவில்லை. அந்த வகையில் பார்த்தால் மச்சான் எடுத்தது அபூர்வமான சரக்குதான். தேடிப் போனால் கிடைக்காது.

"ஜிப்சி டிஸ்க்கு எதுவும் கண்ணுல படலையா?" என்று கேட்டார் அண்ணன். "1985-ல ஜிப்சி வந்தப்பவே அதுக்கும் அதே அஞ்சரை இன்ச்சுதான். அதுவும் பதினஞ்சுதான், டயர் மாத்தணும். ஆனா நட்டு உக்காந்திருக்கும்." நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் ஜாக்கியைப் பார்த்தார்.

மாமா அதுவரை திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். "வீல் வந்துருச்சுல்ல," என்றார். "இனி ஒரு இன்னோவா வாங்கிர வேண்டியதுதான்." அவர் கேலியாகச் சொன்னார். மச்சானுக்கு அது கேலியாகத் தெரியவில்லை. பழைய இன்னோவா என்ன விலைக்குப் போகிறது என்று அன்று மத்தியானமே இரண்டு மூன்று பேருக்குப் போன் போனது. எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை.

கடைக்காரருக்கும் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டது அவர் செய்த தவறு, ஷெட்டே கேட்டது. "ஜீப்புக்கா சார்?" என்று கடைக்காரர் சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு. "ரெண்டு வாட்டி கேட்டேனே சார், இன்னா வண்டி, இன்னா வண்டின்னு. அந்தத் தம்பிகூட ஏதோ ஜீன்னு சொன்னாரே." திருப்பி எடுத்துக்கொள்கிறேன், 6,000 தருகிறேன் என்றார். அவருடைய வீலுக்கு அவரே விலை குறைப்பதா என்று மச்சான் போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் காற்று பிடித்தது. ஆடி மாதத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்று தெரியாதவர்கள் தேனிப் பக்கத்துக் காற்றாலைகளைப் பார்த்தாவது புரிந்துகொள்ளலாம். ஷெட்டின் தகரம் படபடவென்று அடித்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். தகரம் பறந்துவிடாமல் இருக்கக் கூரை மேல் பாரம் வைத்திருந்தார்கள். வட்டமாக, காவி நிற ரெட் ஆக்சைடு அடித்து, நடுவில் பெரிய ஓட்டையோடு.

மச்சான்தான் முதலில் கேட்டார். "அண்ணே, அது என்ன?"

"ஜீப்பு டிஸ்க்கு."

"நம்ம ஜீப்புக்கா?"

"அரசாங்க ஜீப்பு ஒண்ணு கண்டமாச்சு. ஏலத்துல எடுத்தேன். ஆறு இருக்கு. அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்க மெட்ராஸ்னீங்க."

ஏணி போட்டு ஒன்றை இறக்கினார்கள். அண்ணன் அதைச் சிமென்ட் தரையில் நிறுத்தி ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினார். வெடிப்பு விட்ட டிஸ்க் என்றால் செத்த சத்தம் வரும். இது கோயில் மணி அளவுக்கு இல்லாவிட்டாலும் நன்றாகவே கணீரென்றது. ஸ்கேலை எடுத்து, "எம்பத்திரெண்டு" என்று என்னிடம் காட்டினார். ஹப்பில் வைத்தார், தானாகப் போய் உட்கார்ந்தது. ஐந்து நட்டும் கையாலேயே ஏறின.

"எவ்வளவுண்ணே?" என்றார் மச்சான். குரலில் அந்தப் பழைய தெம்பு இல்லை.

"அஞ்சு டிஸ்க்கு, அஞ்சாயிரம்."

மச்சான் வாயைத் திறந்தார். என்ன சொல்லலாம் என்று தேடினார். சும்மா பார்க்கலாம்னு வந்தேன் என்று சொல்ல முடியாது. ஜீப் ஜாக்கி மேல் நிற்கிறது. எந்த வண்டிக்கு என்று மறைக்க முடியாது. இந்த வண்டியின் ஒவ்வொரு நட்டையும் எதிரே நிற்கிற ஆள்தான் வருஷக்கணக்காகக் கழற்றி மாட்டுகிறார். எழுந்து நடந்து போவது போல் பாசாங்கு பண்ணவும் வழியில்லை. வீட்டுக்கு அந்த ஜீப்பில்தான் போக வேண்டும். மாமா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிவிட்டு, மடியிலிருந்து பணத்தை எடுத்து எண்ண ஆரம்பித்தார்.

"ஆனா ஒரு விஷயம் தம்பி," என்றார் மெக்கானிக் அண்ணன். "இதெல்லாத்தையும் எறக்கிட்டா என் தகரம் பறந்துரும். மேல வைக்க ஏதாச்சும் குடுத்துட்டுப் போங்க."

மச்சானின் முகம் மலர்ந்தது. அந்த 9,500 ரூபாய்க்கு ஒரு கதி மோட்சம் கிடைத்த மலர்ச்சி. அவரே ஓடிப் போய் ஓர் அலாய் வீலைக் கொண்டுவந்து நீட்டினார். "இந்தாங்கண்ணே, அஞ்சையும் வச்சுக்குங்க. காத்துக்கு பி.சி.டி. எல்லாம் கிடையாதுல்ல."

அண்ணன் வாங்கினார். இரண்டு விரலில் தூக்கிப் பார்த்தார். மேலே தகரம் ஒரு முழம் எழும்பி அடங்கியது. வீலைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுல வெயிட்டே இல்லையே தம்பி. இதையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிரும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒண்ணு பண்ணுங்க. பழைய டயர் அஞ்சு வாங்கி இதுல மாட்டிக் குடுத்துருங்க, கனம் வந்துரும். வழுக்கையாப் போன டயர் போதும். ஆனா பதினஞ்சு இன்ச்சு, ஞாபகம் வச்சுக்குங்க. பதினாறு வாங்கிட்டு வந்து நின்னுராதீங்க."